முன்னால் வந்த பணம்

1914 மார்ச் 17ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து எஸ்.எஸ். நெவாசா என்ற கப்பல் லண்டனுக்குக் கிளம்பியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு அதே துறைமுகத்தின் அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்துக்கு எழுத்தராகச் சேர்ந்த 26 வயது இளைஞர் ஒருவர் அதில் இருந்தார். சீனிவாச இராமானுஜனின் கதையை எல்லாரும் கணிதத்திலிருந்து தொடங்குவார்கள். துறைமுகத்தை ஒட்டி வாழும் வடசென்னைக்காரர்கள் அதை வேறொரு முனையிலிருந்தும் தொடங்கலாம். அந்தக் கப்பல் டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது யார்?

அதற்கான பதில் சில கடிதங்களில் இருக்கிறது. கேம்பிரிட்ஜிலிருந்து சொற்பொழிவாற்ற வந்திருந்த இ.எச். நெவில் என்ற கணிதவியலாளர், 1914 ஜனவரி 28 அன்று சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். இந்த இளைஞரை இங்கிலாந்துக்கு அனுப்பியே ஆக வேண்டும் என்பது அவருடைய வாதம். துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தன் அலுவலக எழுத்தருக்காக ஆளுநர் பென்ட்லண்டின் தனிச் செயலாளருக்கு பிப்ரவரி 5 அன்று எழுதினார். பல்கலைக்கழகம் ஏறத்தாழ 10,000 ரூபாய் ஒதுக்க முன்வந்திருந்தது. அரசின் ஒப்புதல்தான் பாக்கி. அதுவும் வந்தது. ஆண்டுக்கு 250 பவுண்டு, இரண்டு ஆண்டுகளுக்கு. பயணச் செலவும் குளிர்நாட்டு உடைகளுக்கான செலவும் தனி. முதல் கடிதத்துக்கும் கப்பல் புறப்பட்டதற்கும் இடையே ஏழே வாரங்கள்.

வீட்டிலும் ஒரு முடிவு எடுக்கப்பட வேண்டியிருந்தது. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று அஞ்சிய காலம். தாயின் சம்மதம் எளிதில் கிடைக்கவில்லை. சம்பாதிக்கும் பிள்ளை போய்விட்டால் குடும்பம் என்ன செய்யும் என்ற கவலையும் இருந்தது. உதவித்தொகையிலிருந்து மாதம் 60 ரூபாய் கும்பகோணத்துக்கு அனுப்ப ஏற்பாடு ஆனது. ஒரு பிள்ளையை அனுப்புவதென்றால் பயணக் கட்டணத்தோடு அவர் விட்டுப்போகும் அடுப்பையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்பதை 1914இலேயே யாரோ புரிந்து வைத்திருந்தார்கள்.

அந்தத் தொகை ஒப்புதலானபோது இராமானுஜன் கையில் எந்தப் பட்டமும் இல்லை. ராயல் சொசைட்டியின் உறுப்பினர் ஆனது 1918இல். பணம் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே வந்துவிட்டது.

துறைமுகத்துக்கு வடக்கே, இராயபுரம் தாண்டி, காசிமேடு, தண்டையார்பேட்டை, புதுவண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் இந்தப் பகுதியில், திறமையுள்ள பிள்ளையைத் தொலைதூரம் அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வி அதற்குப் பின் ஆயிரம் வீடுகளில் எழுந்திருக்கிறது. நெவில்களும் ஸ்பிரிங்குகளும் எல்லா வீட்டுக்கும் வருவதில்லை. அந்தச் செலவைக் காலத்துக்குக் காலம் வேறு வேறு கைகள் சுமந்தன. பந்தயங்களையும் பதக்கங்களையும் பற்றி எழுதிய அளவுக்கு அதைப் பற்றி யாரும் எழுதவில்லை.

குத்துச்சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்ற பரம்பரைகள் மோதிக்கொண்ட நாட்களில் வீரன் ஊரைவிட்டு வெளியே போக வேண்டிய தேவையே குறைவு. சண்டை நகரத்திலேயே நடந்தது. கண்ணப்பர் திடலில் டிக்கெட் வாங்கிப் பார்க்கக் கூட்டம் வந்தது. வெளியூர்க்காரனும் ஆங்கிலோ இந்தியனும் இங்கே வந்து மோதினார்கள். ஆகவே பயணச் செலவு எதிராளியின் தலையில்.

கால்பந்து, ஹாக்கி, கைப்பந்து ஆடியவர்களுக்கு முதலாளி பணம் கட்டினார். துறைமுகம், தெற்கு ரயில்வே, 1955இல் பெரம்பூரில் தொடங்கிய ரயில் பெட்டித் தொழிற்சாலை எல்லாம் அணிகள் வைத்திருந்தன. நன்றாக ஆடுபவருக்கு வேலை கிடைக்கும். வேலை கிடைத்தால் பயணப்படி, விடுப்பு, காலணி எல்லாம் கூடவே வரும். ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ என்ற சொல்லுக்கு இந்தத் தெருக்களில் இருக்கும் கனத்தை மயிலாப்பூரில் உணர்வது கடினம். இங்கே ஒரு தகப்பன் மகனை மைதானத்துக்கு அனுப்பியதே அந்தச் சொல்லை நம்பித்தான். ஆனால் இப்பகுதியில் பலருக்கு வேலை தந்த பின்னி நெசவாலை 1996இல் மூடப்பட்டது. மற்ற இடங்களிலும் நிரந்தர வேலை சுருங்கி ஒப்பந்த வேலை பெருகியது. அணியில் இடம் இருந்தாலும் வேலை இல்லை என்றானபோது, பயணச் செலவு மெல்லத் திரும்பி வீட்டு வாசலுக்கே வந்தது.

வீட்டால் முடியாதபோது தெரு வந்தது. ரசீதுப் புத்தகம் அச்சடித்து, மன்றத்தின் பெயரில் கடை கடையாக ஏறி இறங்குவது இங்கே பழைய வழக்கம். காளியம்மன் கோயில் திருவிழாவுக்கு வசூல் செய்த அதே கைகள், மாநிலப் போட்டிக்குப் போகும் பையனுக்கும் வசூல் செய்யும். கவுன்சிலர் ஒரு தொகை, மீன் ஏல மண்டிக்காரர் ஒரு தொகை, சங்கத்துக்காரர்கள் ஒரு தொகை. ஈரோடு, மதுரை வரைக்கும் இந்த வசூல் தாங்கும். டெல்லி வரைக்கும் இழுத்துப் பிடித்தால் போகலாம். கடல் தாண்ட முடியாது.

இந்தச் சிக்கல் மற்ற எதையும்விட முகத்தில் அறைந்தாற்போல் தெரிவது கேரம் ஆட்டத்தில்.

வடசென்னைக்கும் கேரத்துக்கும் உள்ள உறவு இடநெருக்கடியில் பிறந்தது. பந்து உதைக்க மைதானம் வேண்டும். கேரம் பலகையின் ஆடுபரப்பு 29 அங்குலச் சதுரம், அவ்வளவுதான். ஒன்பது கறுப்பு, ஒன்பது வெள்ளை, ஒரு சிவப்பு. மேலே ஒரு குண்டு பல்பு, ஒரு டப்பா போரிக் பவுடர், நான்கு நாற்காலி. ஆலையில் இரவுப் பணி முடிந்தவர், கடலுக்குப் போகாத நாளில் மீனவர், பள்ளி விட்ட பிள்ளை என்று யார் வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரு சந்துக்குள் ஒரு மன்றம், அதற்குள் ஒரு பலகை. இப்படித்தான் இந்த ஆட்டம் இங்கே வேர் பிடித்தது.

வேர் பிடித்த ஆட்டம் உலக அளவுக்கு உயர்ந்ததும் இதே நகரத்தில்தான். 1988இல் பன்னாட்டுக் கேரம் கூட்டமைப்பு சென்னையில் அமைக்கப்பட்டது. 1991இல் டெல்லியில் முதல் உலகச் சாம்பியன் போட்டி நடந்தபோது வென்றவர் சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம். 1995இல் மீண்டும் வென்றார். 1996இல் அவருக்கு அர்ஜுனா விருது வந்தது. ஒலிம்பிக்கில் இல்லாத, தொலைக்காட்சியில் வராத ஓர் ஆட்டத்துக்கு அந்த விருது கிடைத்ததை வடசென்னைக் கேரம் மன்றங்கள் இன்றும் பெருமையாகச் சொல்கின்றன.

ஆட்டம் மலிவு, பயணம் விலை அதிகம். கேரத்தின் தீராத முரண் இது. பலகைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு தெருவே பல ஆண்டுகள் ஆடலாம். ஆனால் உலகப் போட்டி கொழும்பிலோ, பிரான்சின் கான் நகரிலோ, இங்கிலாந்தின் பர்மிங்காமிலோ, அமெரிக்காவிலோ நடக்கும். ஏழை வீட்டில் ஆடத்தக்க ஆட்டத்தின் கடைசிப் படி மட்டும் பணக்காரர் ஏறும் உயரத்தில் இருக்கிறது. வியாசர்பாடியின் இளவழகி 2008இல் கான் நகரில் பெண்கள் ஒற்றையர் உலகப் பட்டத்தை வென்றவர். அவருடைய தந்தை மீன்பாடி வண்டி ஓட்டியவர். அந்த வண்டியின் மிதியில் ஒரு விமான டிக்கெட்டை எத்தனை நாள் மிதித்தால் சம்பாதிக்கலாம் என்று யோசித்தாலே இந்தக் கட்டுரையின் பொருள் விளங்கிவிடும்.

பதினாறு ஆண்டுகள் கழித்து அதே கேள்வி புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் எழுந்தது. ஆட்டோ ஓட்டும் தந்தை, அப்பகுதிப் பிள்ளைகளுக்குக் கேரம் சொல்லித் தருபவர். அவருடைய மகள் காசிமா அங்கேயே ஆடி வளர்ந்து, மரிய இருதயத்திடமும் பயிற்சி பெற்று, 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த ஆறாவது கேரம் உலகக் கோப்பைக்குத் தேர்வானார். வயது 17.

தேர்வுக் கடிதம் கையில் வந்த நாளிலிருந்து இப்படிப்பட்ட ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்பது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். பாஸ்போர்ட் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்று இருந்தால் அதைச் சரிசெய்யவே வாரங்கள் ஓடும். அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டும் அப்போது 185 டாலர். விசா கிடைக்காவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. விமானக் கட்டணமோ நாள் ஆக ஆக ஏறும். ஆட்டோவை அடகு வைக்கலாமா, நகையை வைக்கலாமா, இவ்வளவு செலவழித்துப் பிள்ளை முதல் சுற்றிலேயே தோற்றால் என்ன என்று இரவெல்லாம் பேச்சு ஓடும். தோல்விக்குப் பிறகும் வட்டி கட்ட வேண்டும் என்ற அந்தப் பயம் மிக நியாயமானது. ‘கனவைத் துரத்து’ என்று மேடையில் பேசுபவர்கள் அந்த வட்டியைக் கட்டப் போவதில்லை.

காசிமாவுக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிலிருந்து 1.5 லட்சம் ரூபாய் போட்டிக்கு முன்பே கிடைத்தது. 2023 மே மாதம் தமிழக அரசு தொடங்கிய அமைப்பு அது. அவர் போனார். ஒற்றையர், இரட்டையர், அணி என்று மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்று திரும்பினார். அதன் பிறகு அரசு ஒரு கோடி ரூபாய் பரிசளித்தது. 2025 டிசம்பரில் மாலத்தீவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் காசிமேட்டைச் சேர்ந்த கீர்த்தனா மூன்று தங்கம் வென்றார். சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் இரண்டு பெண்கள், ஓராண்டு இடைவெளியில்.

ஒரு கோடி செய்தியானது. படம் எடுத்தார்கள், பேட்டி எடுத்தார்கள். ஒன்றரை லட்சத்தைப் பற்றி ஓரிரு வரிகளே வந்தன. வடசென்னையின் வரலாற்றில் பெரிய மாற்றம் அந்த ஒன்றரை லட்சத்தில்தான் இருக்கிறது. பரிசுப்பணம் வென்றவரைத் தேடி வருகிறது. முன்பணமோ வெல்வாரா என்று தெரியாதவரைத் தேடி வருகிறது. பரிசு ஒரு வீட்டின் கடனை அடைக்கும், ஓர் ஓட்டு வீட்டை மாடி வீடாக்கும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அந்தப் பெண்கள் அதற்கு முழுத் தகுதி உடையவர்கள். ஆனால் புறப்படவே முடியாமல் நின்றுபோன பிள்ளைக்குப் பரிசுத் திட்டத்தால் ஒரு பைசா பயனில்லை. ஒரு கோடியைக் கொண்டு எத்தனை பேருக்கு இப்படி ஒன்றரை லட்சம் கொடுக்கலாம் என்று வகுத்துப் பார்த்தால் அறுபதைத் தாண்டும்.

வீட்டின் வசதி எப்படியெல்லாம் பாதையை மாற்றும் என்பதற்கு, காசிமா வென்ற அதே ஆண்டின் இன்னொரு சென்னைக் கதை இருக்கிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகச் சதுரங்கச் சாம்பியன் ஆன குகேஷின் தந்தை காது மூக்கு தொண்டை அறுவை மருத்துவர். மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தொழிலையே நிறுத்திவைத்தார். அந்த ஆண்டுகளில் பணம் தீர்ந்து, பெற்றோரின் நண்பர்கள் செலவை ஏற்றார்கள் என்று குகேஷே சொல்லியிருக்கிறார். மருத்துவர் வீட்டையே இந்தச் செலவு அசைத்தது என்றால் செரியன் நகரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரின் நண்பர்கள் பெரும்பாலும் உதவும் நிலையில் இருப்பார்கள். ஆட்டோ ஓட்டுநரின் நண்பர்களும் ஆட்டோ ஓட்டுநர்களே.

பிள்ளையை அனுப்பும் செலவு யார் தலையில் என்ற கேள்வி உலகில் வேறு இடங்களிலும் பழையது. அமெரிக்காவில் 1898இல் மினசோட்டா பல்கலைக்கழக மைதானத்தில் ஜானி கேம்ப்பெல் என்ற மாணவர் கூட்டத்தைத் திரட்டி முழக்கமிட வைத்ததிலிருந்து சியர்லீடிங் வளர்ந்து, இன்று தாவலும் ஆட்டமும் கலந்த தனிக்கலையாக நிற்கிறது. அங்கே பள்ளிப் பெண்கள் வெளியூரில் நிகழ்ச்சி நடத்தப் போகப் பெற்றோரிடமிருந்து பெருந்தொகை கேட்கப்படும். பிள்ளைகள் கார் கழுவியும் பிஸ்கட் விற்றும் ஒரு பகுதியைத் திரட்டுவார்கள். நம் ரசீதுப் புத்தகத்தின் அமெரிக்க உறவு அது. அங்கே பெற்றோர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று நமக்கும் பொருந்தும். இந்த அழைப்பு திறமைக்கு வந்ததா, அல்லது கட்டணத்துக்கு வந்ததா?

ஏனென்றால் இங்கேயும் அப்படிப்பட்ட அழைப்புகள் வருகின்றன. கராத்தே, சிலம்பம், யோகா, ஸ்கேட்டிங் என்று பிள்ளைகளைச் சேர்த்துவிட்ட சில மாதங்களிலேயே ‘இன்டர்நேஷனல் மீட்’ என்று மலேசியாவுக்கோ நேபாளத்துக்கோ போகச் சொல்லி ஒரு தாள் வீட்டுக்கு வரும். போனவர்களில் பெரும்பாலானோர் கழுத்தில் ஏதோ ஒரு பதக்கத்தோடு திரும்புவார்கள். தெருமுனையில் பேனர் வைப்பார்கள். பிறகு வேலைக்கோ கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போது அந்தச் சான்றிதழ் செல்லாது என்று தெரியவரும். காரணம், நடத்திய அமைப்புக்கு அங்கீகாரம் இருக்காது. தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. எந்தச் சங்கம், எந்தப் போட்டி, எந்த அளவிலான பதக்கம் என்று விதிகள் வரையறுக்கின்றன. நகையை வைக்கும் முன் அந்த விதியைப் படித்துப் பார்ப்பது பெற்றோரின் உரிமை. தேர்வுப் போட்டி நடந்ததா, எத்தனை பேர் ஆடினார்கள், யார் தோற்றார்கள் என்று கேட்க வேண்டும். தோற்றவரே இல்லாத தேர்வு ஒரு சுற்றுலா விற்பனை. அதற்கு வட்டிக்கு வாங்கக் கூடாது.

அதற்காகப் பதக்கம் தராத பயணம் எல்லாம் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. தண்டையார்பேட்டை கத்திவாக்கம் நெடுஞ்சாலையில் கருணாலயா என்ற அமைப்பு இருக்கிறது. தெருவோரப் பிள்ளைகளுக்காக 1995இல் பால் சுந்தர் சிங் தொடங்கியது. அங்கிருந்து பிள்ளைகள் தெருவோரச் சிறாருக்கான பன்னாட்டுப் போட்டிகளுக்குப் போயிருக்கிறார்கள். 2019 மே மாதம் இங்கிலாந்தில் நடந்த தெருவோரச் சிறார் கிரிக்கெட் உலகக் கோப்பையில், கருணாலயாவின் பிள்ளைகளும் மும்பைப் பிள்ளைகளும் சேர்ந்த தென்னிந்திய அணி, லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்து அணியை வென்றது. நடைபாதையில் தூங்கிப் பழகிய பிள்ளைகள் லார்ட்ஸில் கோப்பையைத் தூக்கினார்கள். ஆணும் பெண்ணும் கலந்து ஆடிய அணி அது.

கோப்பையைவிட முக்கியமானது அவர்கள் புறப்படும் முன் நடக்கிறது. தெருவில் பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருக்காது. நிலையான முகவரி இருக்காது. கையெழுத்திடப் பெற்றோர் எங்கே என்று தெரியாமலும் இருக்கலாம். பாஸ்போர்ட் எடுப்பதற்காக ஒவ்வோர் ஆவணமாக உருவாக்கும்போது, அந்தப் பிள்ளை அரசின் கண்ணுக்கு முதன்முறையாகத் தெரிய ஆரம்பிக்கிறது. போட்டி முடிந்து திரும்பினாலும் அந்த ஆவணங்கள் அதன் கையில் இருக்கும். பள்ளியில் சேர, வங்கிக் கணக்கு தொடங்க, பின்னாளில் வேலைக்குப் போக. இந்தப் போட்டிகளை நடத்துபவர்கள் பிள்ளைகளின் அடையாள உரிமையை ஒரு கோரிக்கையாகவே முன்வைப்பது இதனால்தான். பயணத்துக்குப் பணம் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்த வரவையும் கணக்கில் எழுத வேண்டும்.

இனி செய்ய வேண்டியதில் பெரும்பகுதி சிறிய வேலைகள். தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையிடம் உதவி கேட்கலாம் என்பது செரியன் நகருக்கும் காசிமேட்டுக்கும் இப்போது தெரிந்துவிட்டது. சாத்தாங்காட்டிலும் எர்ணாவூரிலும் குத்துச்சண்டையோ கபடியோ ஆடும் பிள்ளையின் வீட்டுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். உதவித்தொகை விமானக் கட்டணம் ஏறும் முன் கைக்கு வர வேண்டும். பயணத்துக்குப் பிறகு ரசீது காட்டி வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், அதுவரைக்கும் கடன் கொடுப்பவர் வட்டிக்காரர்தான். மகளோடு போகும் தாய்க்கோ தந்தைக்கோ அந்த நாட்களின் கூலி நின்றுபோகிறது. அதையும் ஒரு செலவாக ஏற்கும் விதி வேண்டும். தோற்றுத் திரும்பும் பிள்ளைக்கும் அடுத்த முறை இதே கதவு திறந்திருக்க வேண்டும். பதக்கம் வந்தால்தான் மீண்டும் பணம் என்றால், அது வேறு பெயரில் பரிசுத் திட்டமே.

மன்றங்களும் ஒன்று செய்யலாம். பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு பாஸ்போர்ட் கட்டணம் 1,000 ரூபாய்தான். மாவட்ட அளவில் ஜெயிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு, தேர்வுக் கடிதம் வரும்வரை காத்திராமல், இந்த ஆண்டு ரசீதுப் புத்தகத்திலிருந்தே அதை எடுத்துக் கொடுத்துவிடலாம். சான்றிதழில் பெயர் பிழை இருந்தால் அப்போதே தெரியும், திருத்த நேரமும் இருக்கும்.